தானே விளையாடட்டும்!

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற பெற்றோர் அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி, வேலைவாய்ப்பு என நாம் ஒன்றுகூடும் போதெல்லாம் பேசுவதற்குப் பொருள்கள் பல உண்டு. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் விளையாட்டு. கை கால்களை விருப்பம்போல் இயக்க முடியாத குழந்தைகளின் விளையாட்டு. அதற்குத் துணை நிற்கும் ரோபோக்கள் என்னும் இயந்திரங்கள். "இதைப் பேசுவதற்கா ஒரு கூட்டம்?" என்று சிலர் எண்ணக்கூடும். உரையின் முடிவில் அந்த எண்ணம் மாறும் என்று நம்புகிறோம்.

பெருநாள் மாலை ஒன்றை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். தெருவெங்கும் புத்தாடை உடுத்திய பிள்ளைகள் ஓடுகின்றனர். திண்ணை ஓரத்தில், நாற்காலியில் சாய்த்து உட்கார வைக்கப்பட்ட ஒரு குழந்தை இருக்கிறது. அதன் மீது இரக்கம் கொண்ட உறவினர் ஒருவர் புதிய பொம்மைக் கார் ஒன்றைக் கொண்டுவருகிறார். அவரே பொத்தானை அழுத்துகிறார், கார் ஓடுகிறது. அவரே கை தட்டுகிறார், "பார், பார், எவ்வளவு அழகாக ஓடுகிறது!" என்கிறார். குழந்தையும் சிரிக்கிறது.

இங்கே விளையாடியவர் யார்? காரை ஓட்டியவர் பெரியவர். மகிழ்ந்து கை தட்டியவரும் அவரே. குழந்தை பார்வையாளராக மட்டுமே இருந்தது. அன்பில் குறையில்லை. ஆயினும் அந்த அன்பு, குழந்தைக்குரிய ஒன்றைத் தெரியாமலேயே எடுத்துக்கொண்டது.

விளையாட்டு எனும் முதற்பள்ளி

ஏழெட்டு மாதக் குழந்தை கிலுகிலுப்பையைக் கீழே போடுகிறது. தாய் எடுத்துக் கொடுக்கிறாள். மீண்டும் போடுகிறது. பத்து முறை எடுத்துக் கொடுத்த தாய் சலித்துப் போகிறாள்; குழந்தை சலிப்பதில்லை. ஏன்? அது ஒரு பெரும் பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. "நான் கையை விட்டால் இது விழும். விழுந்தால் ஒலி எழும். ஒலி எழுந்தால் உம்மா திரும்பிப் பார்ப்பாள்." தான் ஒன்று செய்தால் உலகில் ஒன்று நிகழும் என்ற அறிவு அக்குழந்தைக்கு அங்கே தொடங்குகிறது. பிற்காலத்தில் அது கற்கும் கணக்கும் அறிவியலும் இவ்வறிவின் மேல்தான் எழுகின்றன. தன்னம்பிக்கைக்கும் அதுவே அடித்தளம்.

மூளை முடக்குவாதம், முதுகுத்தண்டுப் பிளவு, தசைச் சிதைவு போன்றவற்றால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இந்த வாய்ப்பு எளிதாகக் கிடைப்பதில்லை. மூளை முடக்குவாதம் அரிய நோயன்று. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 2 பேருக்கு அது இருக்கும் என மதிப்பிடுகின்றனர். வறிய நாடுகளில் இந்த அளவு கூடுதலாக உள்ளது. இவர்களுள் பலருக்குக் கையை நீட்டினால் அது வேறு பக்கம் போகும். பிடித்தால் விட வராது. சிலருக்குப் பேச்சும் தெளிவாக வராது. ஆகவே பிறர் விளையாடுவதைப் பார்ப்பதே அவர்களின் விளையாட்டாகி விடுகிறது.

பார்ப்பது போதாதா எனக் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் ஆகிய இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே எண்ணத்தக்கது. இரண்டு பூனைக்குட்டிகளை ஒரு சுழல் தண்டின் இரு முனைகளிலும் இணைத்தனர். ஒரு குட்டி தன் கால்களால் நடந்தது. மற்றொன்று சிறு தொட்டி ஒன்றில் அமர்த்தப்பட்டு, முதற்குட்டி நடக்கும் போதெல்லாம் சுமந்து செல்லப்பட்டது. இரண்டும் கண்ட காட்சி ஒன்றே. எஞ்சிய நேரத்தில் இரண்டும் இருட்டில் இருந்தன. பின்னர்ச் சோதித்தபோது, நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது. மேசை விளிம்பை நெருங்கியதும் காலை நீட்டியது. சுமக்கப்பட்ட குட்டிக்கு இவை வரவில்லை. அதன் கண்ணில் பழுதில்லை. தானே இயங்கிப் பார்த்த அனுபவம்தான் இல்லை. பிறகு வெளிச்சத்தில் விருப்பம்போல் நடமாட விட்டபோது அதுவும் விரைவில் கற்றுக்கொண்டது.

பூனைக்குட்டியும் மனிதக் குழந்தையும் ஒன்றல்ல. எனினும் சுமந்து காட்டப்படும் உலகம் வேறு, தானே தேடிக் காணும் உலகம் வேறு என்பதை அச்சோதனை தெளிவாக்கியது. சுமக்கப்பட்ட குட்டியும் பின்னர்க் கற்றுக்கொண்டது என்பதில் நமக்கு ஆறுதலும் இருக்கிறது.

ரோபோ என்றால் என்ன?

ரோபோ என்றதும் திரைப்படங்களில் கண்ட மனித உருவம் நினைவுக்கு வரும். நாம் பேசும் ரோபோக்கள் அத்தகையவை அல்ல. ஒன்று மேசை மீது பொருத்தப்பட்ட இரும்புக் கரமாக இருக்கும். இன்னொன்று சக்கரங்கள் மீது ஊரும் சிறு வண்டியாக இருக்கும். குழந்தையின் சிறு அசைவைப் பெரிய செயலாக மாற்றித் தருவதே இவற்றின் பணி.

அந்தச் சிறு அசைவு எதுவாகவும் இருக்கலாம். கையால் முடியாத குழந்தை தலையைச் சாய்த்துப் பக்கத்திலுள்ள சுவிட்சை அழுத்தும். சில குழந்தைகள் முழங்காலாலும், சில கால் பெருவிரலாலும் அழுத்தும். ஒரே ஒரு சுவிட்சை மட்டுமே அழுத்த இயலும் குழந்தைக்கும் வழி உண்டு. முன்னே, இடம், வலம் என்னும் குறிகளில் விளக்கு ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து செல்லும். தனக்கு வேண்டிய குறியில் விளக்கு வரும்போது குழந்தை அழுத்தினால் போதும்.

இம்முயற்சி நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பேப்பர்ட் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் லோகோ என்னும் கணினி மொழியைக் குழந்தைகளுக்காகப் பயன்படுத்தினர். அம்மொழியின் கட்டளைக்கு ஏற்பத் தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஒரு ரோபோவும் இருந்தது. அதற்கு ஆமை என்று பெயர். அங்கே சில்வியா வேர் என்ற ஆய்வாளர், மூளை முடக்குவாதம் உடைய பிள்ளைகளுக்கு லோகோவைக் கற்பித்தார். பென்சில் பிடிக்க முடியாமையால் எந்தத் தேர்விலும் தம் அறிவைக் காட்ட இயலாதிருந்த பிள்ளைகள், கட்டளைகளைக் கோத்து உருவங்களை வரைந்தனர். உடலின் தடையை அறிவின் குறைவு என்று நினைத்தது எவ்வளவு பெரிய பிழை என்பது அப்போது வெளிப்பட்டது.

மக்ரோனித் தொட்டியும் லெகோ வண்டியும்

இத்துறையில் நீண்ட காலம் உழைத்தவர்களுள் ஆல்பர்ட் குக் குறிப்பிடத்தக்கவர். 1980-களின் இறுதியில் அவரும் அவருடைய குழுவினரும் மிக இளங்குழந்தைகள் முன் ஓர் இயந்திரக் கரத்தை வைத்தனர். எட்டாத தொலைவில் ஒரு பொருள். சுவிட்சை அழுத்தினால் கரம் அதை அருகில் கொண்டுவரும். உடற்குறை உடைய மழலையருள்ளும் சிலர் இதைக் கருவியாகப் புரிந்துகொண்டு, வேண்டிய பொருளைப் பெற்றனர்.

பின்னர் கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றியபோது, இதே முயற்சி பள்ளிக்கூடத்திற்குச் சென்றது. 2005-இல் வெளியான அந்த ஆய்வில் காய்ந்த மக்ரோனி நிறைந்த தொட்டி ஒன்றே விளையாட்டுக் களம். மணலில் கையை விட்டுத் தோண்டும் இன்பத்தை அறியாத பிள்ளைகள், இயந்திரக் கரத்தால் மக்ரோனியைத் தோண்டி, உள்ளே புதைந்திருந்த பொருள்களை வெளியே எடுத்தனர். தொடக்கத்தில் ஒரே சுவிட்ச். அழுத்தினால் கரம் அள்ளியதைக் கொட்டும். பழகிய பின் இரண்டாவது, மூன்றாவது சுவிட்சுகள் சேர்க்கப்பட்டன. எதை முதலில் அழுத்துவது, எதை அடுத்து அழுத்துவது என்று குழந்தை தானே திட்டமிட வேண்டும். பிள்ளைகள் அதில் ஆர்வத்தோடு ஈடுபட்டனர். "இவன் இவ்வளவு புரிந்துகொள்வான் என்று நினைக்கவில்லையே" என்னும் உணர்வு ஆசிரியர்களிடையே ஏற்பட்டது.

இயந்திரக் கரம் விலை மிகுந்தது, பெரியது. ஆகவே அவரும் கிம் ஆடம்ஸ் முதலிய உடன் ஆய்வாளர்களும், கடைகளில் கிடைத்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் கட்டைகளால் சிறு வண்டி ரோபோக்களைச் செய்தனர். பேச இயலாத குழந்தைகள் பயன்படுத்தும் பேசும் கருவியின் வழியாகவே அந்த வண்டியையும் இயக்கும்படி அமைத்தனர். இதன் சிறப்பு என்ன? பிள்ளை பேசும்போது விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. விளையாடும்போது பேச்சைக் கைவிட வேண்டியதில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே, "தள்ளு, நான் வருகிறேன்!" என்று சொல்லவும் முடியும். நம் பிள்ளைகள் தெருவில் செய்வது இதுதானே!

இந்த வண்டிகளைக் கொண்டு இன்னொரு பணியும் நடந்தது. அடுக்கிய கட்டைகளை இடித்துத் தள்ளுவது முதற்படி. இதற்கு, அழுத்தினால் ஓடும் என்பது புரிந்தால் போதும். கட்டைகளின் அருகே வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்துவது அடுத்த படி. இதற்கு ஆசையை அடக்கி, அழுத்தாமல் இருக்கக் கற்க வேண்டும். இடமும் வலமும் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்களைக் கோப்பது அதனினும் கடினமான படி. குறைபாடில்லாத 3, 4, 5 வயதுக் குழந்தைகளிடம் இவற்றைச் சோதித்தபோது, வயது ஏற ஏற இத்திறன்களும் ஏறுவதைக் கண்டனர். வாயாலும் கையாலும் விடை சொல்ல முடியாத ஒரு குழந்தையின் அறிவு எந்தப் படியில் நிற்கிறது என்பதை இனி விளையாட்டைக் கொண்டே ஓரளவு அறியலாம் அல்லவா?

ஆஸ்திரியாவில் கெர்னாட் க்ரோன்ரைஃப் தலைமையில் ப்ளேராப் என்ற ரோபோ உருவாயிற்று. லெகோ கட்டைகளை எடுத்து, குழந்தை காட்டும் இடத்தில் அழுத்திப் பொருத்துவது அதன் வேலை. வீடு கட்டுவதா, கோபுரம் கட்டுவதா, எந்த நிறக் கட்டையை எங்கே வைப்பது என்பவை எல்லாம் குழந்தையின் முடிவு. கட்டியது கோணலாக இருந்தால் என்ன? அது அக்குழந்தையின் கோணல்!

ஓட்டும் குழந்தை

பொருளைப் பிடித்து விளையாடுவதைப் போலவே இடம்விட்டு இடம் செல்வதும் விளையாட்டே. டெலவேர் பல்கலைக்கழகத்தில் குழந்தை நல உடலியக்க ஆய்வாளர் கோல் காலோவேயும் பொறியியல் பேராசிரியர் சுனில் அகர்வாலும் இணைந்து, சக்கர ரோபோ ஒன்றின் மீது இருக்கையை அமைத்தனர். ஏழு மாத அளவுள்ள குழந்தைகளும் ஒரு சிறு கைப்பிடியை அசைத்து அதை இயக்கினர். முதுகுத்தண்டுப் பிளவுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு ஏழாம் மாதம் முதல் இப்பயிற்சி அளித்ததை 2009-இல் வெளியிட்டனர். அந்தச் சில மாதங்களில் அக்குழந்தையின் அறிவு, மொழி மதிப்பெண்கள் வயதின் வேகத்தை விஞ்சி உயர்ந்தன. இது ஒரே குழந்தையிடம் கண்டது. அனைவருக்கும் அப்படியே நிகழும் என்று நாம் வாக்குறுதி தரக்கூடாது. ஆயினும், "நடக்கும் வயது வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருப்பதில் இழப்பு உண்டு என்பதை அது உணர்த்துகிறது.

அந்த ரோபோவை ஒவ்வொரு வீட்டிலும் வைக்க இயலாது. அதனால் காலோவே 2012-இல் வேறு வழியைத் தேர்ந்தார். பொம்மைக் கடையில் விற்கும், குழந்தைகள் ஏறி ஓட்டும் பேட்டரி கார்களை எடுத்துக்கொண்டார். காலால் மிதிக்கும் விசையின் வேலையை, கையால் எளிதில் அழுத்தக்கூடிய பெரிய பொத்தானுக்கு மாற்றினார். பிளாஸ்டிக் குழாய்களாலும் நீச்சல் குளத்து நுரைத் தண்டுகளாலும் முதுகுக்கும் பக்கங்களுக்கும் தாங்கல் அமைத்தார். கோ பேபி கோ என்ற பெயரில் இம்முயற்சி பல ஊர்களுக்குப் பரவியது. பெற்றோரும் மாணவர்களும் ஒன்றுகூடி ஒரே நாளில் கார்களை மாற்றி அமைக்கின்றனர். ஆய்வுக்கூடத்தின் ரோபோ இவ்வாறு வீட்டு வாசலுக்கு வந்தது.

நாம் விழிப்புடன் இருக்க வேண்டியவை

இவ்வளவு சொன்ன பின், மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, இயந்திரம் மிகையாகச் செய்துவிடும் ஆபத்து. ஒரு முறை அழுத்தினால் கோபுரம் முழுவதையும் ரோபோவே கட்டி முடிக்குமானால், திண்ணையில் கார் ஓட்டிக் காட்டிய பெரியவருக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. குழந்தைக்குத் தவறு செய்ய இடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, விளையாட்டைச் சிகிச்சையாக மாற்றிவிடும் ஆபத்து. 2014 முதல் 2018 வரை, இத்தாலியப் பேராசிரியர் செரனெல்லா பேசியோ தலைமையில், ஐரோப்பிய ஆய்வாளர்கள் லூடி என்ற கூட்டமைப்பில் இணைந்து இப்பொருளை ஆராய்ந்தனர். விளையாட்டு விளையாட்டுக்காகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வலியுறுத்திய கருத்து. காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி என்று நாள் முழுவதும் பிறர் சொற்படி உடலை வளைத்த குழந்தைக்கு, "பொம்மையைப் பத்து முறை தள்ளு, கை பலப்படும்" என்றால் அது மற்றுமொரு பயிற்சியே. பயிற்சி வேண்டும், அதற்கு நேரம் வேறு. பயனொன்றும் எதிர்பாராமல் விளையாடும் உரிமை மற்ற பிள்ளைகளுக்கு இருப்பது போல் இக்குழந்தைக்கும் உண்டு.

மூன்றாவது, பொருள் கிடைப்பதில் உள்ள இடர். நாம் கூறிய ரோபோக்களில் பெரும்பாலானவை ஆய்வுக்காக உருவானவை. கடையில் கேட்டு வாங்கக் கூடியவை அல்ல. 1998-இல் விற்பனைக்கு வந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையும் அந்நிறுவனம் 2022 இறுதியுடன் நிறுத்திவிட்டது. ஒரே இயந்திரத்தை நம்பியிருந்தால், அது நின்ற நாளில் விளையாட்டும் நின்றுவிடும்.

நம்மால் இயன்றது என்ன?

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இல்லை. அடிப்படைத் தத்துவம் எளியது: குழந்தையால் இயன்ற ஓர் அசைவு, அதற்கு ஒரு சுவிட்ச், அந்தச் சுவிட்சால் நிகழும் ஒரு செயல். இதைச் செய்ய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

பேட்டரியால் ஓடும் சாதாரண பொம்மை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கும் அதைத் தொடும் தகட்டுக்கும் இடையே, நடுவில் மின்சாரம் கடத்தாத பொருள் வைத்த இரு மெல்லிய செப்புத் தகடுகளைச் செருக வேண்டும். இரு தகடுகளிலும் ஒவ்வொரு கம்பியைப் பற்றவைத்து, அக்கம்பிகளைப் பெரிய அழுத்துச் சுவிட்ச் ஒன்றுடன் இணைக்க வேண்டும். பொம்மையின் சொந்தப் பொத்தானை எப்போதும் இயங்கும் நிலையில் விட்டுவிட வேண்டும். இப்போது பெரிய சுவிட்சை அழுத்தினால் பொம்மை ஓடும், விட்டால் நிற்கும். வானொலி, கைப்பேசி பழுது பார்க்கும் நம் இளைஞர் ஒருவருக்கு இது சிறிய வேலையே. இதைப் பேட்டரி பொம்மைகளில் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எதிலும் செய்யக் கூடாது. கம்பி முனைகள் வெளியே தெரியாமல் மூடப்பட வேண்டும்.

சுவிட்சை எங்கே வைப்பது என்பதைக் குழந்தையிடமிருந்தே அறிய வேண்டும். உடலின் எந்தப் பகுதி களைப்பின்றி அதன் சொற்படி அசைகிறதோ அங்கே வைக்க வேண்டும். இயன்முறை மருத்துவரின் அறிவுரையையும் பெறுவது நன்று. உட்காரும் நிலை சரியாக இல்லையேல், விழாமல் இருக்கவே குழந்தையின் ஆற்றலெல்லாம் செலவாகிவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவிட்சை வைத்த பின் காத்திருங்கள். மூளை முடக்குவாதம் உடைய குழந்தை நினைப்பதற்கும் அதன் உடல் கீழ்ப்படிவதற்கும் இடையே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நம் கை தானாக நீளும். அதன் விரலைப் பிடித்து அழுத்தத் தோன்றும். அப்போது நம் கையை நாமே பற்றிக்கொள்ள வேண்டும். குழந்தை முயன்று, தவறி, மீண்டும் முயன்று, தானே அழுத்திப் பொம்மை ஓடும் அந்த நொடி அதற்கு மட்டுமே உரியது.

உடன் பிறந்தோரையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் கட்டைகளை அடுக்கட்டும். தங்கை சுவிட்சை அழுத்தி வண்டியை ஓட்டி இடிக்கட்டும். தான் அடுக்கியது இடிந்ததே என்று அண்ணன் கூச்சலிட்டால், அதைவிட நல்ல விளையாட்டு வேறில்லை. அங்கே இரக்கத்துக்கு இடமில்லை; இருவரும் சமம்.

1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாடுவதைக் குழந்தையின் உரிமை என்கிறது. 2006-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்ற குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்குபெற வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் இந்தியா ஏற்றுள்ளது. ஆகவே இது நாம் மனமிரங்கி வழங்கும் சலுகையன்று.

நமது மஹல்லாவில் இத்தகைய குழந்தை உள்ள வீட்டிற்கு அடுத்த முறை செல்லும்போது, தின்பண்டத்தோடு ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்வோம்: "இக்குழந்தை தானே செய்யக்கூடிய ஓர் அசைவு எது?" ஓர் அசைவு கிடைத்துவிட்டால் அதிலிருந்து ஒரு விளையாட்டைத் தொடங்கலாம். அடுத்த பெருநாள் மாலையில், திண்ணை ஓரத்துக் குழந்தை தன் காரைத் தானே ஓட்டட்டும். நாம் ஓரமாக அமர்ந்து பார்த்திருப்போம்.